ஆறு மாடும் அரைக் கோழியும்

கடல்கடந்த கல்விக் கடன் வாரியத்தின் புங்கோமா நகரக் கிளையில் இரண்டு அறைகள் எதிரெதிரே இருந்தன. இடது கைப் பக்கம் தேவைப் பிரிவு. கையில் ஒன்றுமே இல்லாதவர்களுக்குத்தான் வாரியம் கடன் தரும் என்பதால், ஒன்றுமே இல்லை என்று அங்கே நிரூபிக்க வேண்டும். வலது கைப் பக்கம் திறன் பிரிவு. திருப்பிக் கட்ட வக்கிருப்பவர்களுக்குத்தான் வாரியம் கடன் தரும் என்பதால், வக்கிருக்கிறது என்று அங்கே நிரூபிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெஞ்சு. வந்தவர்கள் அதில் உட்கார்ந்து, இன்றைக்கு எந்த ஆளாக இருப்பது என்று தீர்மானித்துக்கொள்ளலாம். வாரியத்துக்கு மனிதாபிமானம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பெஞ்சுக்குச் சாய்மானம்கூட இருந்தது.

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அந்தப் பெஞ்சில் நபலாயோ வந்து உட்கார்ந்தாள். ச்வேலே சந்தையில் பழைய துணி விற்கிறவள். ஐரோப்பாவில் யாரோ போட்டுக் கழித்தது மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அதை உதறி, தொங்கவிட்டு, தொண்டை கட்டக் கூவி விற்பாள். அவள் மகள் நெலிமாவுக்குப் போலந்தில் கால்நடை மருத்துவம் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஆகஸ்ட் முடிவதற்குள் முதல் வருஷக் கட்டணம் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். ஆகஸ்டுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது என்று அன்றைக்கு அவள் நினைத்தாள். வாரியத்தைப் பற்றி அவளுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது.

தேவைப் பிரிவில் மேடம் கத்விரி இருந்தார். கனிவான குரல், கனத்த கண்ணாடி.

"வீட்டுக்காரர்?"

"தவறிட்டார் மேடம். ஒன்பது வருஷம் ஆச்சு." நபலாயோ இறப்புச் சான்றிதழை நீட்டினாள்.

கத்விரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இது பழசும்மா. ஆறு மாசத்துக்குள்ள வாங்கினதா இருக்கணும்."

"அவர் செத்தே ஒன்பது வருஷம் மேடம்."

"அது சரி. அன்னிக்குச் செத்திருந்தார்னு இதுல இருக்கு. இன்னிக்கும் அப்படியேதான் இருக்காரான்னு வாரியத்துக்குத் தெரிய வேணாமா?"

நபலாயோ யோசித்துப் பார்த்தாள். பதிவாளர் அலுவலகத்துக்கு நாலு நடை நடந்து, டீ செலவுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, புதிதாக ஒரு முறை விதவையாகிவிட்டு வந்தாள். கத்விரி அந்தத் தாளைத் தடவிப் பார்த்து, "இப்பதான் மனசுக்கு நிம்மதியா இருக்கு" என்றார்.

எதிர் அறையில் திரு. செருயோட். தலைமயிரை ஒட்ட வெட்டியவர், பேச்சையும் அப்படியே வெட்டுகிறவர்.

"மாடு எத்தனை?"

"துணி வியாபாரம் சார். சந்தையில கடை இருக்கு."

"துணி கிழியும். பேங்க் கணக்கு இன்னிக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. வாரியம் மாட்டை மட்டும்தான் நம்பும். மாடு எத்தனைன்னு கேட்டேன்."

நபலாயோவிடம் இருந்தது ஒரு பசு. அதுவும் அவள் வீட்டில் இல்லை. கொழுந்தன் முலோங்கோ வீட்டில் நின்றது. அவள் வீட்டு முற்றத்தில் நின்ற காளை முலோங்கோவுடைய மாமனாருடையது. அந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். தன் மாட்டைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டால் கண்படும், கடன் கேட்டு வருவார்கள், நோய் வந்தால் மொத்தமும் போகும். அதனால் இவன் மாடு அவன் வீட்டில், அவன் மாடு இன்னொருவன் வீட்டில். எது யாருடையது என்று வைத்தவனுக்கும் வைத்துக்கொண்டவனுக்கும் மட்டும்தான் தெரியும். மூன்றாவது ஆள் கேட்பது மரியாதையில்லை. வாரியம் மூன்றாவது ஆள்.

"ஒண்ணு சார். வேற வீட்ல நிக்குது."

"வேற வீட்ல நின்னா அது வேற வீட்டு மாடு. குறைஞ்சது ஏழு நிக்கணும். நேர்ல வந்து பாப்போம்."

இரண்டு பிரிவுக்கும் ஊர்த் தலைவரின் கடிதம் வேண்டியிருந்தது. அவர் ஒரே உட்காரலில் இரண்டையும் எழுதினார். ஒன்றில், இந்தப் பெண்மணி அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியில்லாதவர். இன்னொன்றில், இந்தப் பெண்மணி இந்த வட்டாரத்தில் நல்ல வசதி படைத்தவர். நபலாயோ தயங்கி நின்றதைப் பார்த்துவிட்டு, "ரெண்டுமே நெசம்தானே நெலிமாம்மா. ஒண்ணு நீ இப்ப இருக்கிறது, இன்னொண்ணு உன் புள்ள படிச்சு வந்தப்புறம் இருக்கப்போறது. நான் கொஞ்சம் முன்னாடியே எழுதிட்டேன், அவ்வளவுதான்" என்றார். ஒரே முத்திரையை இரண்டின் மேலும் குத்தினார்.

மே மாதம் ஆய்வுக்கு வந்தார்கள். தேவைப் பிரிவு செவ்வாய்க்கிழமை, திறன் பிரிவு வியாழக்கிழமை என்று சொல்லியிருந்தார்கள். நபலாயோ எல்லாம் திட்டமாக வைத்திருந்தாள். செவ்வாய்க்கு முன்னால் சோபாவும் டிவியும் முற்றத்துக் காளையும் பக்கத்து வீட்டுக்குப் போகும். வியாழனுக்கு முன்னால் அவையும் திரும்பி வரும், முலோங்கோ சுற்றுவட்டாரத்து மாடுகளையெல்லாம் ஓட்டிக்கொண்டு வருவான். ஆனால் வாரியத்தில் பெட்ரோல் சிக்கனம் அறிவித்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை ஒரே வண்டியில் இருந்து கத்விரியும் இறங்கினார், செருயோட்டும் இறங்கினார்.

சோபா போய்விட்டிருந்தது. வீட்டுக்குள் ஒரு பாயும் ஒரு பானையும்தான். அதைப் பார்த்துக் கத்விரி முகம் மலர்ந்தார். நபலாயோ கொல்லைப் பக்கமாக ஓடி முலோங்கோவுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, மாடு! இப்பவே!"

"வியாழக்கிழமைன்னீங்களே அண்ணி?"

"வந்து நிக்கிறாங்கப்பா!"

"எத்தனை வேணும்?"

"கிடைக்கிறதை எல்லாம் ஓட்டிட்டு வா!"

முலோங்கோ நல்ல மனுஷன். சொன்ன வார்த்தையைத் தட்டமாட்டான். அரை மணி நேரத்தில் பன்னிரண்டு மாடுகள் தெருவை அடைத்துக்கொண்டு வந்து முற்றத்தில் நின்றன. சின்ன முற்றம். ஒரு மாடு ஜன்னல் வழியாகத் தலையை விட்டு, பாயில் உட்கார்ந்திருந்த கத்விரியின் காகிதங்களை மோந்து பார்த்தது.

"இது யார் மாடும்மா?" என்றார் கத்விரி.

"என்னுது இல்ல மேடம்."

"எழுதிக்கறேன். மாடு, இல்லை."

வெளியே செருயோட் முலோங்கோவிடம் கேட்டார். "இதெல்லாம் யாருது?"

"எங்க அண்ணியோடது சார். எல்லாம் எங்க அண்ணியோடதுதான். இன்னும் ரெண்டு இருக்கு, வர மாட்டேன்னு படுத்துக்கிச்சு."

"எழுதிக்கறேன். மாடு, பன்னிரண்டு."

இருவருக்கும் நடுவில் ஒரு தகரக் கதவுதான். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெளிவாகக் கேட்டது. ஆனால் இன்னொரு பிரிவின் வேலையில் தலையிடுவது வாரிய ஒழுக்க விதிகளுக்கு எதிரானது. இருவரும் மிக நாகரிகமாக வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

நெலிமா இதற்குள் முற்றத்தில் குந்தி, ஒரு செவலைப் பசுவின் முன்னங்காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "சித்தப்பா, இது குளம்பு அழுகுது. எத்தனை நாளா நொண்டுது?" என்று கேட்டாள். போன வருஷம் உண்ணிக் காய்ச்சலில் அந்தத் தெருவில் பதினோரு கன்று செத்தது. மருத்துவர் வரவேயில்லை. வட்டாரம் முழுவதற்கும் ஒரே மருத்துவர், அவரும் தலைநகர் நைரோபியில் குடியிருந்தார். நெலிமா அப்போதுதான் இந்தப் படிப்பு என்று பிடிவாதம் பிடித்தாள். மகள் குளம்பைச் சுத்தம் செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள் நபலாயோ. இவள் போகாமல் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று முதல் முறையாகப் பயந்தாள்.

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பாள். ஆனால் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள். வந்தவர்களைக் கோழி அடிக்காமல் அனுப்புகிற பெண் அந்த ஊரில் இல்லை. அப்படி ஒருத்தி இருந்தால் அவள் வீட்டுச் சாவுக்குக்கூட ஆள் வராது. நபலாயோ யோசிக்கவேயில்லை. கை தானாகப் போய்க் கோழியைப் பிடித்துவிட்டது. சோளமாவில் உகாலி கிளறி, குழம்பு வைத்து, கோழியின் ஈரலையும் இரைப்பையையும், ஆண் விருந்தாளிக்கு உரிய பங்கு என்று, செருயோட்டின் தட்டில் முறையாக எடுத்து வைத்தாள். இருவரும் விரலைச் சப்பிச் சாப்பிட்டார்கள். கை கழுவிக்கொண்டு, இருவரும் வருத்தத்தோடு பேனாவைத் திறந்தார்கள்.

"கோழி அடிக்கிற வசதி இருக்கேம்மா. இதை எப்படி மறைக்கிறது?" என்று கத்விரி மதிப்பெண்ணைக் குறைத்தார்.

"ரெண்டு அதிகாரிக்கு ஒரே கோழி. வசதி பத்தாது" என்று செருயோட்டும் குறைத்தார்.

வண்டி கிளம்பும்போது முலோங்கோ கேட்டான். "சார், அந்த மேடம் மாடே இல்லைன்னு எழுதியிருக்காங்க, நீங்க பன்னண்டுன்னு எழுதியிருக்கீங்க. மேல கேக்க மாட்டாங்களா?"

"அதுக்குத் தனிப் பிரிவு இருக்கு" என்றார் செருயோட், பெருமையோடு.

இருந்தது. மாடியில் ஒத்திசைவுப் பிரிவு. அதன் அதிகாரி ஜூன் மாதம் முழுவதும் நபலாயோவின் கோப்பை வைத்துக்கொண்டு உழைத்தார். பூஜ்யத்தையும் பன்னிரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தார். ஆறு மாடு. ஒரு கோழியை இரண்டு பிரிவுக்கும் பங்கிட்டார். அரைக் கோழி. வாரிய விதிப்படி ஐந்து மாடு வரை ஏழை, ஏழு மாட்டிலிருந்து வசதி. ஆறு மாட்டுக்காரர் கடன் தேவைப்படும் அளவுக்கு ஏழை, கட்டக்கூடிய அளவுக்கு வசதி. வாரியம் தொடங்கிய நாளிலிருந்து தேடிக்கொண்டிருந்த ஆள்.

அவளைக் கூப்பிட்டு அனுப்பி, அந்த அதிகாரி எழுந்து நின்று கைகொடுத்தார். கண் கலங்கியிருந்தது. "பதினாலு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன்மா. ஒருத்தரும் இப்படிக் கச்சிதமா அமைஞ்சதில்ல, மத்தவங்களையெல்லாம் இழுத்துப் பிடிச்சுத்தான் ஆறாக்கினேன். விதிமுறையை எழுதினவங்க உங்களை மனசுல வச்சுத்தான் எழுதியிருக்காங்க."

"பணம் எப்ப சார் போகும்?"

"பணம் என்னம்மா பணம். அனுமதி ஆயிடுச்சு!"

அது ஜூலை இரண்டாம் வாரம். நபலாயோ சந்தையில் எல்லோருக்கும் ஆளுக்கொரு சோடா வாங்கிக் கொடுத்தாள். ஆனால் பணம் வெறுமனே போகாது. இயக்குநர் மேடையில் வழங்கினால்தான் வழங்கியதாகக் கணக்கு. மேடைக்குக் கூடாரம் வேண்டும், நாற்காலி வேண்டும், மைக் வேண்டும். நாற்பது மாணவர்களாவது சேராமல் கூடாரம் எடுத்தால் தணிக்கையில் கேள்வி வரும். அப்போது முப்பத்திரண்டு பேர்தான் சேர்ந்திருந்தார்கள்.

ஆகஸ்ட் மாதம் நபலாயோ வாரத்துக்கு இரண்டு தடவை மட்டாட்டு வேனில் நசுங்கிக்கொண்டு புங்கோமா போனாள். முப்பத்தாறு என்றார்கள். முப்பத்தேழு என்றார்கள். ஒரு பையனுக்கு மாடு கூடிவிட்டது, மறுபடி முப்பத்தாறு என்றார்கள். கடைசி வாரம் அவள் கத்விரியின் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், இந்த வாரம் போகலேன்னா என் பொண்ணுக்கு இடம் போயிடும். கூடாரச் செலவை வேணும்னா நான் தர்றேன். கடையில இருக்கிற மூட்டையை வித்துத் தர்றேன்."

கத்விரி உண்மையாகவே பதறிப்போனார். "ஐயையோ, வெளியே சொல்லிடாதீங்கம்மா. கூடாரம் போடற அளவுக்கு வசதி இருக்குன்னு தெரிஞ்சா ஆறு மாடு கலைஞ்சிடும்."

நபலாயோ கையை எடுத்துக்கொண்டாள். கத்த வேண்டும் என்று தெரிந்தது. அந்த மேஜையைக் கவிழ்க்க வேண்டும் என்றும் தெரிந்தது. ஆனால் உள்ளே தேடினால் ஒன்றும் இல்லை. கால் மரத்துப்போவது போல ஆள் முழுவதும் மரத்துப்போயிருந்தது. "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வேனுக்கு நடந்தாள்.

செப்டம்பர் முதல் வாரத்தில் போலந்திலிருந்து தகவல் வந்தது. இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. நெலிமா அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள், போனைச் சார்ஜில் போட்டாள், கீரை அரிய உட்கார்ந்தாள். அம்மாவும் மகளும் அன்றைக்குச் சாப்பிட்டார்கள், பாத்திரம் கழுவினார்கள், படுத்தார்கள். யாரும் அழவில்லை. அழாதது நபலாயோவுக்குப் பயமாக இருந்தது, ஆனால் அந்தப் பயமும் எங்கேயோ தூரத்தில் வேறு யாருக்கோ இருப்பது போல இருந்தது.

அக்டோபரில் நாற்பதாவது ஆள் கிடைத்தான். விழா நடந்தது. வராமல் இருக்கலாமா என்று நபலாயோ கேட்டுப் பார்த்தாள். அழைப்பிதழில் பெயர் அச்சாகிவிட்டது என்றார்கள். கடனே வேண்டாமென்றால் என்று கேட்டாள். வேண்டாம் என்பவர் தேவையின்மையை நிரூபிக்க வேண்டும், அதற்கு மறுபடி ஆய்வுக்கு வருவோம் என்றார்கள். நபலாயோவிடம் கோழி இல்லை. மகளைக் கூட்டிக்கொண்டு விழாவுக்கு வந்தாள்.

இயக்குநர் டாக்டர் முத்திஸ்யா நைரோபியிலிருந்து வந்திருந்தார். மைக்கை இரண்டு முறை தட்டிவிட்டுப் பேசினார்.

"சகோதர சகோதரிகளே, வாரியம் தாமதம் செய்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். அவசரப்பட்டுக் கொடுப்பதற்கு நாம் என்ன பெற்றோர்களா? நாம் ஒரு நிறுவனம். இந்த வருஷம் நாற்பது பேரை வெளிநாடு அனுப்பியிருக்கிறோம். அந்த நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் இதோ இந்தக் கூடாரத்தில் என் கண்முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். வேறெந்த நாட்டிலாவது இப்படி உண்டா? அறிவாளிகள் நாட்டைவிட்டு ஓடுகிறார்கள் என்று எல்லா அரசும் புலம்புகிறது. நம் வாரியம் அனுப்பியவர்கள் ஒருவர்கூட ஓடவில்லை. மீதியுள்ள ஒரு பையன் மட்டும் பொறுமையில்லாமல் மாமா காசில் போய்விட்டான். அவனுக்காக வருந்துகிறேன்."

கைதட்டல் அடங்க நேரமானது. அடுத்து ஆறு மாட்டுக் குடும்பத்தின் தாய் நன்றி சொல்வார் என்று அறிவித்தார்கள். நபலாயோ மைக் முன்னால் நின்றாள். சந்தையில் வியாபாரம் முடிந்ததும் சொல்வது மட்டும் வாயில் வந்தது. "ரொம்ப நன்றி. மறுபடியும் வாங்க" என்றாள். அதற்கும் கைதட்டினார்கள்.

பணம் போலந்துக்குப் போனது. மூன்றே வாரத்தில், இப்படி ஒரு மாணவி எங்களிடம் இல்லை என்று திரும்பி வந்தது. திரும்பி வந்ததைப் பெற்றுக்கொள்வதற்கு வாரியத்தில் ஒரு வரவுப் பிரிவு இருந்தது. அது மகிழ்ச்சியோடு பெற்றுக்கொண்டது.

ஜனவரியில் வசூல் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. வாரியத்துக்குப் பக்கத்துத் தெருவில் புதுக் கட்டிடம், புது வர்ணம். ஒரு இளம் அதிகாரி எழுந்து நின்று நெலிமாவுக்கும் நபலாயோவுக்கும் நாற்காலிகளை இழுத்துப் போட்டார். இத்தனை மாதத்தில் அவர்களை உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

"வாங்க வாங்க. தாய்நாட்டுக்கு நல்வரவு. முதல் தவணை இந்த மாசத்திலேருந்து ஆரம்பிக்குது."

"சார், அவ போகவே இல்ல. பணமும் திரும்பி வந்திடுச்சே" என்றாள் நபலாயோ.

"பணம் போனது எங்களுக்குத் தெரியும்மா. திரும்பி வந்தது அந்தப் பழைய கட்டிடத்துக்குத்தான் தெரியும். ரெண்டு கட்டிடத்துக்கும் இடையில இன்னும் ஒத்திசைவுப் பிரிவு போடலை. அடுத்த பட்ஜெட்ல போடுவாங்க."

"போகாதவ எப்படி சார் கட்டுவா?"

அவர் விதிப் புத்தகத்தைத் திறந்து, பொறுமையாக விரலை ஓட்டினார். "வெளிநாட்டில் இருக்கும்வரை கட்ட வேண்டாம். திரும்பி வந்த பிறகு கட்ட வேண்டும். வெளிநாட்டில் இல்லாதவர் திரும்பி வந்தவராகக் கருதப்படுவார். இதோ உக்காந்திருக்காங்களே. அப்ப வந்துட்டாங்கன்னுதானே அர்த்தம்? வேலை கிடைக்கிற வரைக்கும் மாசாமாசம் கொஞ்சமாக் கட்டலாம். இருபத்திரண்டு வருஷத்துல முடிஞ்சிடும். நீங்களே சந்தைக் கடையிலேருந்து கட்டினாலும் வாரியம் வாங்கிக்கும்."

நபலாயோ தலையாட்டினாள். இருபத்திரண்டு வருஷம் என்றது காதில் விழுந்தது. உள்ளே போகவில்லை. நெலிமா அவர் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நல்ல கையெழுத்து, பள்ளியில் பரிசு வாங்கிய கையெழுத்து.

அந்த இளைஞருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கையெழுத்தாகி முடியும்வரை சும்மா இருப்பது மரியாதையில்லை என்று பேச்சுக் கொடுத்தார்.

"எப்படி இருந்துச்சு போலந்து? ரொம்பக் குளிராமே?"

நெலிமா பேனாவை மூடி மேஜையில் வைத்தாள். முகத்தில் கோபமில்லை, கிண்டலும் இல்லை.

"ஆமா சார். முதல் ரெண்டு மாசம் ரொம்பக் கஷ்டம். அப்புறம் பழகிடுச்சு" என்றாள்.

நபலாயோ மகளைத் திரும்பிப் பார்த்தாள். மார்ச்சிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. அடக்க முடியவில்லை, நாற்காலியிலிருந்து சரிந்து, மகளின் மடியைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கட்டிடமே கேட்கும்படி அழுதாள்.

இளைஞர் ஓடிப்போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"அழட்டும் விடுங்க" என்றார் நெலிமாவிடம், மெதுவாக. "எத்தனை வருஷம் பிரிஞ்சிருந்தீங்களோ. பிள்ளைங்க திரும்பி வந்தா எல்லா அம்மாவும் இங்க இப்படித்தான் அழறாங்க."